அறுபதுக்கு முப்பது

எங்கள் பிளாட்டின் கீழே பூப்பந்துத் திடல்.
இரவு பதினொன்றுக்கு மேல் ஆட யாரும் வருவதில்லை.
இரண்டு வெள்ளி அறுபது காசு வீதம்
மூன்று சுருள் டேப்,
மச்சான் சத்தியசீலன் லோரியிலிருந்து
ஓர் அளவு நாடா,
நிவாஷினி கையில் டார்ச் லைட்.
வீட்டைத் தரையில் ஒட்டிப் பார்க்க இறங்கினோம்.

நிலம் சிம்பாங் அம்பாட்டில்.
பன்னிரண்டு வருட ஓவர்டைம் அங்கே
லாலாங் மண்டிக் கிடக்கிறது.

வீடு அறுபதுக்கு முப்பது.
நடுவில் தூணே இல்லாத கொட்டகை.
இரண்டு பக்கமும் சரியும் தகரக் கூரை,
உச்சி இருபதடி.
"ஆளுக்கா மாட்டுக்கா?" என்றான் மச்சான்.

அவனுக்குத் தெரியாது.
பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில்
பதினாறு வருடமாய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
நாலு மணிக்கு அந்த உயரத்தில் மழை இறங்கினால்
சூப்பர்வைசரின் வாய் மட்டும் அசையும்,
சத்தம் கேட்காது.
அந்த மழைக்கு அடியில் உட்கார்ந்து
சோறு சாப்பிட வேண்டும்.
என் திட்டம் மொத்தமும் அவ்வளவுதான்.

திடலின் கோடு நாற்பத்து நாலடியில் முடிந்துவிட்டது.
வீடு முடியவில்லை.
கிழக்குச் சுவர்
மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குள் போக,
யாருடைய ஹோண்டாவோ
எங்கள் சாமியறையில் நின்றது.
"பூட்டியிருக்குப்பா, நகராது."
சரி, சாமியோடு இருக்கட்டும்.

"அடுப்படி, சாப்பாடு, ஹால்,
எல்லாம் ஒரே வெளி.
மேலே பரண் மாதிரி அரை மாடி,
அது நிவாஷினிக்கு.
வாசலில் நின்றால்
பின்கதவு வரைக்கும் பார்வை ஓடும்.
சுவர்ச் செலவும் மிச்சம்."
கையை வீசி வீசிச் சொன்னேன்.

இளவேனி அடுப்படியில் நின்றிருந்தாள்.
அடுப்பிலிருந்து சிங்க்குக்கு மூன்று எட்டு,
சிங்க்கிலிருந்து வாசலுக்குப் பதினேழு,
நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.
"கதவு எங்க?"
"இதோ, இதான் வாசல்."
"அது வீட்டுக்கு.
எனக்கு?"

பிறையில் ஒரே அறையில் ஏழு பேர் அவர்கள்.
கைலிக்குள் உடை மாற்றினாள்,
கைலிக்குள் வயதுக்கு வந்தாள்.
அழ வேண்டுமென்றால் குளியலறைக் குழாயைத்
திறந்துவிட்டுக்கொள்வாள்.
தண்ணீர் பில் ஏறுகிறதென்று அப்பா திட்டுவார்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
கல்யாணமான வருடமே சொன்னாள்.
தெரிந்துதான்
சுவர் இல்லாத வீட்டை வரைந்திருக்கிறேன்.

டேப்பை என் கையிலிருந்து வாங்கினாள்.
பரணுக்கு ஏறும் படியின் கீழ்
ஆறுக்கு ஏழு, ஒரு கட்டம்.
லாலாங் பக்கம் ஒரு ஜன்னல்.
"கட்டில் வேணாம்.
உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

பார்வை அறுந்துபோகும் என்றேன்.
காற்று ஓடாது,
கூரையின் அழகு கெடும்,
படிக்குக் கீழே தலை இடிக்கும் என்றேன்.
நிவாஷினி டார்ச்சை
என் முகத்தில் அடித்தாள்.

இளவேனி உள்ளே போனாள்.
இல்லாத கதவைச் சாத்தினாள்,
இல்லாத தாழ்ப்பாளை
இரண்டு விரலால் தள்ளினாள்.
எங்களுக்கு முதுகு காட்டி
சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள்.

நாங்கள் வெளியே நின்றோம்.
மூன்றடி தூரம்தான்.
எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல்
மச்சான் போனை எடுத்தான்.
"அம்மா, உள்ள என்ன பண்றீங்க?"
"ஒண்ணுமில்ல."

பதினோரு நிமிடம்.

பிறகு தாழ்ப்பாளைத் திறந்து வந்து,
"கழிவறையை வடகிழக்குல வச்சிருக்கீங்க,
எங்கக்கா ஒத்துக்க மாட்டா" என்றாள்.
அதற்கு மறுபடி அளக்க
ஒரு மணி ஆனது.

டேப்பை உரிக்க யாருக்கும் தெம்பில்லை.

காலை ஏழுக்கு
ஏழாம் மாடியிலிருந்து பார்க்கிறேன்.
லிம் அங்கிளும் மூன்று நண்பர்களும்
எங்கள் ஹாலில் ஆடுகிறார்கள்.
ஹோண்டா வேலைக்குப் போய்விட்டது.
ஓங்கி அடித்த பந்து ஒன்று
வலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி,
படியின் கீழே
ஆறுக்கு ஏழில் விழுகிறது.
எடுக்க ஓடிவருகிறார் அங்கிள்.

கம்பியைப் பிடித்து எக்கி நிற்கிறேன்.
கதவைத் தட்டுங்கள் என்று
கத்தப் பார்த்து
வாயைப் பொத்திக்கொள்கிறேன்.