வெட்டுப் பதிவேடு

சொலேன் காரிவே நடித்த முதல் படம்
ஆறு சுருளாக வந்தது.
தகரப் பெட்டியில் மழைத்துரு,
கிள்ளான் துறைமுகத்து முத்திரை.
ரொட்டிக்கடைப் பெண் அவள்.
மீதிச் சில்லறை கொடுப்பாள், அவ்வளவுதான்.
வெட்டு: இல்லை
என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.
தணிக்கை அறையில் எனக்கு இரண்டாவது வாரம்.

அடுத்த வருடம் கதாநாயகி.
என்சிக் ரொஸ்லான் மணியை அழுத்துவார்,
நான் அடிக்கணக்கு குறிப்பேன்.
நான்காம் சுருள், படகில் முத்தம், பதினாறு அடி.
ஐந்தாம் சுருள், தோள், ஏழு அடி.
பிறகு பிளேடு, பசைநாடா.
கோலாலம்பூர் பார்த்ததெல்லாம்
படகில் ஏறியவள்
சட்டென்று கரையில் நின்று அழுததைத்தான்.
'ஏன்லா அழுவுறா இவ?' என்றான் மச்சான்,
செந்தூலில், கச்சான் கொறித்தபடி.
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

அவள் பரிசு வாங்கிய படத்தில்
நாற்பத்தொரு அடி போயிருந்தது.
பரிசு எந்த அடிக்கோ.

எங்கள் சட்டம் முத்தம் வரைக்கும்தான்.
முத்தம் முடிந்ததும் ஒன்று செய்வாள்:
ஆளை விட்டுவிட்டுச்
சன்னல் பக்கம் பார்ப்பாள்,
அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போல.
எல்லாப் படத்திலும். எந்த இயக்குநரானாலும்.
ஒரு நாள் பிளேடை
ஒன்றரை அடி தள்ளி வைத்தேன்.
ஒன்றரை அடி என்றால் ஒரு விநாடி,
இருபத்துநாலு சன்னல் பார்வை.
பதிவேட்டில் ஏறவில்லை.
சட்டைப்பையில் ஏறியது.

சுருள் போய்க் கேசட், கேசட் போய்த் தட்டு.
வெட்டுமேசையை எடைக்குப் போட்டார்கள்.
அவள் அக்கா ஆனாள், வக்கீல் ஆனாள்,
ஒரு படத்தில் அம்மா.
யாருக்கு? படகில் முத்தமிட்டானே,
அவனுக்கு.
அவன் கையில் புதுப்பெண், பன்னிரண்டு விநாடி.
அதை வெட்டினேன்.
ஒட்டு இப்போது தெரிவதேயில்லை.

ஓய்வு பெறும் மாதம் அவள் படம் வந்தது.
நரை, ஒரு சமையலறை, வேறு யாருமில்லை.
ஆரஞ்சு உரிக்கிறாள்
நாலு நிமிடம், வசனமில்லாமல்.
புஆன் நொராய்னி
கைப்பேசியில் செய்தி தட்டிக்கொண்டிருந்தார்.
மணி இப்போது என் கையில்.
விரலை அதன்மேல் வைத்துக் காத்திருந்தேன்,
யாராவது வந்து அவளைத் தொடட்டும்,
நான் வெட்டுகிறேன் என்று,
பத்துமலைக்கு நேர்ந்துகொள்வது மாதிரி.
வரவில்லை எவனும்.
கையைத் துடைத்தாள்.
சன்னல் பக்கம் பார்த்தாள்.

வெட்டு: இல்லை.
முப்பத்து மூன்று வருடத்தில்
என் கையெழுத்து கோணியது அன்றுதான்.

ராத்திரி மைலோ டின்னைத் திறந்தேன்.
குப்பென்று காடி வாசம்.
பச்சை போய்விட்டது, நீலம் போய்விட்டது,
செம்மண் நிறத்தில் முகம் மட்டும்.
பதினேழு கட்டம் எண்ண முடிந்தது.
மீதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
பிரிய மாட்டேன் என்கிறது.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்திருக்கையில்
குளியலறையிலிருந்து தனபாக்கியம்:
'பாலு பொங்குது, என்னதான் பண்றீங்க?'

திரும்பிப் பார்த்தேன்.