யூனிட் ஏழு

சாட்ஸ்வர்த்தில் எங்கள் பேட்டைக்குப் பேரே யூனிட் ஏழு.
ஏழு கிலோவாட்தான் ராசி என்று
கராஜ் சுவரில் பென்சிலால்
பெரிய கட்டம் போட்டுவிட்டார் சாக்ரன்.

எலக்ட்ரீஷியன் லுங்கானி மெயின் பெட்டியைத் திறந்து
டார்ச் அடித்தார்.
அறுபது ஆம்பியர். ஒரே ஃபேஸ்.
"கீசர், அடுப்பு, அதோடு இதுவுமா?
சோறு பாதி வேகும்போது இருட்டாகிவிடும்."
மூன்றே முக்கால் போதும் என்றார்.

சாக்ரன் வீடியோவில் பார்த்ததெல்லாம்
இருபத்திரண்டு.

நான் கேட்டது ஒன்றுதான்:
வயர் பெட்டியோடு ஒட்டியே இருக்குமா,
கழற்றலாமா?
போன மாதம் எதிர்வீட்டுச் செம்புக் கம்பியை
நாய்கூடக் குரைக்காமல்
அறுத்துப் போயிருந்தார்கள்.

கழற்றலாமாம்.

நைட் ஷிஃப்ட் முடிந்து ஏழரைக்கு வருவேன்,
செருகிவிட்டுப் படுப்பேன்.
கூரைத் தகட்டில் வெயில் ஏறட்டும்.
வார்டில் பன்னிரண்டு பேருக்கு
சொட்டுச் சொட்டாக இறக்கிப் பழகிய கை இது.
வேகமாய் ஏற்றினால்
எங்கே வீங்கும் என்று அதற்குத் தெரியும்.

சாயங்காலம் வயரைச் சுருட்டி
கட்டிலடியில் தள்ளுகிறேன்,
இன்னும் இளஞ்சூடு.

சின்னப் பெட்டியைச் சுற்றி
பென்சில் கட்டம்
அழியாமல் நிற்கிறது.
சாக்ரன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே
காலணி மாட்டுகிறார்.