மூன்று புள்ளி

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹில்மியின் கடை.
மேசையில் நான்கு காலுறை.
நான்கும் ஒற்றை, ஒன்றுக்கும் சோடி இல்லை.
"கொண்டு போங்க, காலிட்டக் கேளுங்க" என்றான்.
நான் பொருளாளர்.
காசிடம் கேட்டுத்தான் பழக்கம்.

கல்லாறு மின்னல், பெண்கள் உதைபந்தாட்டக் கழகம்.
இருபத்திரண்டு பேர்.
ஐஸ் வாடி முதலாளி காசு தந்தார்.
"கெண்டைக்காலில் உங்கட பெயர் தெரியவேணும்.
என்ர பெயர் வேண்டாம், வரிக்காரன் பார்ப்பான்."

வெப்ப அச்சு மலிவு, மினுக்கம்.
லுக்ஷிகா காலில் ஏற்றியதுமே எழுத்து இழுபட்டு
முகம் கோணியது.
மூன்றாம் தோய்ப்பில் புள்ளிகள் உரிந்து
மின்னல், ‘மினனல’ ஆயிற்று.
வாசித்துப் பாருங்கள்,
நாக்கு தடுக்கி விழும்.

சாயத்தை ஆவியாக்கி ஏற்றியது
தட்டையாய்க் கிடக்கையில் முழுக் கடலும் அதில் இருந்தது.
கால் நுழைந்தது,
நூல் விரிந்த இடமெல்லாம் வெள்ளை எட்டிப் பார்த்தது.

எம்புரோய்டரி அழகென்றால் அழகு.
உள்ளே புரட்டினால் முடிச்சுகளின் சந்தை.
நாலாம் நாள் விதூஷா காலை நீட்டிக் காட்டினாள்:
ல், ன், ல் இருந்த இடத்தில்
சிவந்த மூன்று தடம்.
"அக்கா, தோலிலயே எழுதிட்டாங்க."

மிஞ்சியது, நூலோடு நூலாய்ப் பின்னுவது.
உரியாது. வெடிக்காது. குத்தாது.
அறுபது சோடிக்குக் குறைந்தால் மெசின் ஓடாது.
ஹில்மி கட்டத்தாளை விரித்தான்,
ஒரு தையலுக்கு ஒரு கட்டம்.
மேலே மின்னல் படம், கீழே பெயர்,
பெயருக்கு ஒன்பதே வரிசை.
கொழும்பிலிருந்து மெசின்காரர் தொலைபேசியில் சொன்னார்:
"புள்ளியை எடுத்துருவமா மிஸ்?
ஓடுற காலில யார் பார்க்கப் போறாங்க?"

போன வருசம் ஏழு ஆட்டம்.
பட்டியலின் அடியில், எங்கள் பெயருக்கு நேரே
என்ன இருந்ததென்று
அவருக்கு எப்படித் தெரியும்?
வென்றால் மூன்று.
கல்லாறு மின்னல், எண்ணிப் பாருங்கள்,
விளையாடாமலே எங்களிடம் இருந்தது அந்த மூன்றுதான்.

"புள்ளி விடமாட்டம்" என்றேன்.
சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவரும்
திரும்பிப் பார்த்தார்.

ஹில்மி பென்சிலைக் காதில் செருகினான்.
எடுத்தான். திரும்பச் செருகினான்.
மறுகா, அழிறப்பரால் படத்தைத் தேய்க்கத் தொடங்கினான்,
முதலில் வால், பிறகு முறிவு, கடைசியாக உச்சி.
"மின்னல் எண்டு எழுதியிருக்கே புள்ள,
பிறகு என்னத்துக்குப் படம்?"
பதினெட்டு வரிசை காலியாயிற்று.
எழுத்துகள் முதுகு நிமிர்த்தின.
தலைக்கு நான்கு தையல், மஞ்சள், சதுரம்.
வட்டமாய் வராது என்றான்.
வட்டம் நான் கேட்கவில்லை.

மிச்சம் முப்பத்தெட்டுச் சோடியை
ஐஸ் வாடி ஆண்கள் பாதி விலைக்கு வாங்கினார்கள்.
குளிர் அறையில், ரப்பர் பூட்சுக்குள்,
பெண்கள் கழகத்தின் பெயரோடு
விடியவிடிய மீனுக்கு ஐஸ் கொட்டுகிறார்கள்.
சொன்னால் வெட்கப்படுவார்கள்,
சொல்லவில்லை.

முதல் ஆட்டம் மழையில்.
ஒன்றுக்கு ஒன்று.
லுக்ஷிகா பிடித்த கடைசிப் பந்தில்
பந்து எது சேறு எது என்று
நடுவருக்கே தெரியவில்லை.

வாளியில் இருபத்தெட்டு ஊறுகின்றன.
ஒன்றை எடுத்து உள்ளே புரட்டினேன்.
எழுத்தெல்லாம் இடம் வலமாகி
வாசிக்க முடியாமல் கிடந்தது.
புள்ளி மட்டும்
எந்தப் பக்கம் பார்த்தாலும் புள்ளி.

கை துடைத்துக்கொண்டு கணக்குக் கொப்பியில் எழுதினேன்:
வரவு, ஒன்று.