ஒன்றரை ஸ்டாப்

சாலிகிராமத்தில் வீடு கேட்டபோது
என்ன வேலை என்றார் வீட்டுக்காரர்.
டேப் பிடிக்கிற வேலை என்றேன்.
தையலா என்றார்.
தலையாட்டினேன். சாவி கிடைத்தது.

ஏழு வருடம் டேப் பிடித்தேன்.
லென்ஸிலிருந்து கதாநாயகனின் இமை வரை
ஆறடி நாலங்குலம்.
அழும்போது ஓரங்குலம் முன்னால் சாய்வார்.
அவருக்கே தெரியாது,
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
பேட்டா சில நாள் வரும்,
சில நாள் ‘நாளைக்கு’ வரும்.
யூனியன் கார்டுக்குக் கட்டிய பணத்தில்
ஷேர் ஆட்டோ வாங்கியிருக்கலாம் என்று
அண்ணன் இன்றும் கணக்குச் சொல்கிறான்.
கணக்கு சரிதான்.

பிறகு ஒருவர் என்னை நம்பிப் படம் கொடுத்தார்.
காசிமேட்டில் பதினெட்டு இரவுகள்.
“முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க மேடம்”
என்றார் தயாரிப்பாளர்,
வெளுப்பு என்ற சொல்லை வாயில் போடாமல்.
தூக்கவில்லை.
வலை பிரிக்கிறவளின் கன்னத்தில்
டியூப்லைட் ஒன்று,
தூரத்துப் படகு விளக்கு ஒன்று,
மீதி அவள் நிறம்.
அந்த மீதிக்காக
கலர் அறையில் பதினோரு நாள் சண்டை.

வெள்ளிக்கிழமை. வியாசர்பாடிப் பக்கம் ஒரு தியேட்டர்.
இருபத்தேழு பேர். எண்ணினேன்.
டைட்டிலில் என் பெயர் வந்தது,
கொம்பும் காலும் உதிர்ந்து:
ஒளிப்பதிவு, பூங்கதை.
பரவாயில்லை, கதைதானே.

முதல் இரவுக் காட்சி.
திரை தார் ஊற்றியதுபோல் கிடந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
“கரண்ட் போச்சாடா?”
விசில். யாரோ செல்போன் டார்ச்சைத்
திரைமேல் அடித்துத் தேடினார்கள்
என் கதாநாயகியை.

படியேறினேன்.
ஆபரேட்டர் மஸ்தான் மடியில் தக்காளி சாதம்.
“லாம்ப் ஆயுசு முடிஞ்சு நாலு மாசம்மா.
முதலாளி மாத்த மாட்டாரு.”
மீட்டரைத் துளைவழியே நீட்டினேன்.
ஒன்றரை ஸ்டாப் குறைவு.
பதினோரு நாள் சண்டை
அந்த ஒன்றரைக்குள் கிடந்தது.

“நீங்க யாரு?”
டேப் பிடிக்கிறவள் என்று நாக்கு நுனிவரை வந்தது.
“கீழ தெரியாம கெடக்குதே,
அதெல்லாம் நான் எடுத்தது.”

கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.
“வெடிச்சா என் சம்பளத்துல புடிப்பாங்க,
இன்டர்வல் வரைக்கும்தான்”
என்று சொல்லி ஏற்றினார்.

கன்னம் வந்தது.
கீழே யாரும் கைதட்டவில்லை.
டார்ச் மட்டும் அணைந்தது.
மஸ்தான் மறுபடி சாப்பிட உட்காரவில்லை.
லாம்ப் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டபடி
இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.