பாதைக் காசு

மார்ச் மாதத்துப் பயணச் செலவுப் படிவம்
ஒக்டோபரில் திரும்பி வந்தது
திருகோணமலையிலிருந்து,
சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு:
பாதைக்கு எதற்குப் பணம்?

வெல்லாவெளிச் சுகாதாரப் பணிமனையில்
காசேட்டுக்குப் பொறுப்பு நான்.
காசு கொஞ்சம். ஏடு பெரிது.

கோகுலராணி மிஸ் இருப்பது குருமண்வெளியில்.
அவ நிறை பார்க்கும் நூற்றுப் பதினாறு பிள்ளைகளும்
மண்டூர்ப் பக்கம்.
நடுவில் வாவி.
இரண்டு வள்ளத்தைப் பிணைத்துப் பலகையடித்து
ஆளும் ஆடும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்
கரைக்குக் கரை போகிறதே,
அதற்கு இங்கே பெயர் பாதை.
ஒரு தரம் அறுபது ரூபா.
பாதைக்காரன் பற்றுச்சீட்டு வைத்திருப்பதில்லை.
ஈரக் கையால் அவன் கிறுக்கும் கடதாசியை
மிஸ் நாலாக மடித்துத்
தராசுப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவா.

பதில் எழுதினேன்.
"ஐயா, மேற்படி பாதை மிதக்கும்."
வெட்டினேன்.
"மேற்படி பாதை என்பது ஓடத்தைக் குறிக்கும்."
அதையும் வெட்டினேன்.
அகராதி எழுத எனக்குப் படி கிடையாது.

மாகாணத்துக் காசும் பாதை மாதிரித்தான்,
அந்தக் கரையில் ஆள் நிறையும்வரை இழுக்கமாட்டார்கள்.
கொழும்பில் ஒரு கையெழுத்து
திருகோணமலையில் ஒரு பிரிப்பு
மட்டக்களப்பில் பிரித்ததைப் பிரிப்பு.
திரிபோஷ மத்தியினுடையது.
ஏற்றிவரும் லொறி மாகாணத்தினுடையது.
லொறிக்கு டீசல் யாருடையது என்று
ஒரு கூட்டம் வைத்தோம்.
பதினொரு திணைக்களம் வந்தது.
பிஸ்கட் பிரதேச செயலகத்தின் கணக்கில்.
ஒருத்தரும் கெட்டவரில்லை.
அதனால் யாரோடு கோபிப்பது என்று தெரியாமல்
நானும் ஒரு பிஸ்கட் எடுத்தேன்.

டிசம்பர் பதினேழாம் திகதி
நுளம்பு ஒழிப்புக்கு நாலு இலட்சம் வந்தது,
ஏப்ரலில் கேட்டது.
அன்றைக்கே வெள்ளமும் வந்தது.
குடம்பி கிடந்த சிரட்டையும் டயரும்
எங்கள் உதவியில்லாமலே
கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
காசும் போகும்.
புகையடிக்கும் பொறியோடு பரிசோதகர்
மழையைப் பார்த்தபடி வாசலில் நின்றார்,
கல்யாணம் நின்றுபோன வீட்டில்
மேளகாரர் நிற்பதுபோல.

அந்தக் கிழமைதான்
கணக்காய்விலிருந்து தொலைபேசி.
உவைஸ் என்று பெயர் சொன்னார்.
"தங்கச்சி, நான் கிண்ணியா.
பாலம் போட முந்தி
பாதையிலதான் நான் பள்ளிக்கூடம் போன.
என்னெண்டு எனக்குத் தெரியும்.
கணினிக்குத் தெரியாதே.
'ஏனையவை' எண்டு போடுங்க, நான் விடுறன்."

போட்டேன்.
ஏனையவை: முப்பத்தாறு தரம்,
இரண்டாயிரத்து நூற்றறுபது ரூபா.
அந்த ஒரு சொல்லுக்குள்
வாவி முழுவதையும் மடித்து வைத்தேன்.
சேலைத்துணியால் ஒட்டுப்போட்ட தராசுத் தொட்டிலையும்
மஞ்சள் வட்டத்துக்குள் நாலு மாதமாய்த்
தலைதூக்காமல் கிடந்த
கிருஷாந்தியின் மகனுடைய கோட்டையும்
அங்கேதான் வைக்கவேண்டியிருந்தது.
அவற்றுக்கும் நிரல் இல்லை.

ஜனவரியில் காசு கைக்கு வந்தது.
மிஸ் எண்ணவில்லை.
"பத்து மாசத்துக்கு முதல் நான் குடுத்த காசு, என்னகா?
அப்ப இதுக்கு ரெண்டு மீன் கூட வாங்கலாம்" என்றா.
பிறகு
"அவன்ட பொடியன் முந்நூறு கிராம் கூடியிருக்கான்"
என்று சொல்லிக்கொண்டே
தராசுப் பைக்குள் கைவிட்டா.
"மறுகா, இது டிசம்பர்த் துண்டு.
வெள்ளத்துக்குள்ள ஆறு தரந்தான் பாதை ஓடின."

கடதாசி இன்னும் ஈரம்.
எழுத்து ஊறிக் கரைந்து
அறுபதா எண்பதா என்று தெரியவில்லை.
மின்விசிறிக்குக் கீழே விரித்து
பறக்காமல்
பணிமனை முத்திரையை மேலே வைத்தேன்.