பதினேழாம் நாள்

மன்ரோவியாவில் சிமெண்ட் கிடங்குக் கணக்கு எழுதினேன்.
பள்ளத்தூரில் இப்போது
என் உடம்புச் சூட்டின் கணக்கு.
காலை தொண்ணூற்றெட்டு.
மாலை தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

ஒன்பது மணிக்குச் சுகாதார ஆய்வாளர் அங்கயற்கண்ணி
கூப்பிடுவார்.
"வாந்தி? உடம்புவலி?"
"இல்லை."
"என்ன சாப்பிட்டீர்கள்?"
"கும்மாயம்" என்றேன் நேற்று. சிரித்துவிட்டார்.

காற்றில் வராது அது.
காய்ச்சல் காணும்முன் தொற்றாது.
எத்தனை தடவை சொல்லியும்
பால்காரர் தெருமுக்கில் வைத்து
மணியடித்துவிட்டுப் போகிறார்.
போகட்டும், பால் வருகிறது.

இன்று எதிர்வீட்டுச் சாத்தப்பண்ணன் போய்விட்டார்.
சர்க்கரை, வேறொன்றுமில்லை.
சங்கு ஊதுகிறது.
கேதத்துக்கு வராதவனை
இந்த ஊர் மறக்காது.

அங்கே எங்கள் ஓட்டுநர் மோமோ
தகப்பன் உடலைக் கழுவினான்,
முறைப்படி, வெறுங்கையால்.
தம்பி தண்ணீர் ஊற்றினான்.
மூச்சு நின்ற உடம்பில்தான்
கிருமி கொழுத்துக் கிடந்தது.
யாரும் அவர்களுக்கு ஒரு ஜோடி கையுறை
கொடுத்திருக்கலாம்.
என் போனில் மோமோவின் எண் இன்னும் இருக்கிறது.

மாடிச் சன்னலிலிருந்து கும்பிட்டேன்.
சாத்தப்பண்ணன் மகன் நிமிர்ந்து பார்த்தான்.
பதிலுக்குக் கும்பிடவில்லை.

தெர்மாமீட்டரை உதறி
அக்குளில் வைக்கிறேன்.
இன்னும் நாலு நாள்.