கச்சேரிக் கிளாக்கர்மார்

அட்டையில் ‘ஹெறிங் கிளாக்ஸ்’ என்று இருந்தது.
கிளாக் என்றால் மணிக்கூடு என்றான் சத்தியரூபன்.
இல்லையடா, கச்சேரியில் இருக்கிற கிளாக்கர்மார்
என்றான் நிசாம்தீன்.
கச்சேரியில் வேலை பார்க்கிறவன்
கச்சேரி வைத்தால் என்ன குற்றம்?
இரண்டு நாள் அதிலேயே போயிற்று.
பாட்டைக் கேட்டது மூன்றாம் நாள்.

தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றிலிருந்து
இரண்டு போத்தல் சாராயத்துக்குக் கை மாறிய தட்டு.
பாலையூற்றில் பல்தசார் வீட்டில்தான் மெசின்.
ஊசி துள்ளாமலிருக்க
அதன் தலையில் ஒரு இருபத்தைந்து சதக் குற்றி.

கிறிம்ஸ்பித் துறையில் மீன்பெட்டி எண்ணிய நாலு பேராம்.
கிற்றாரில் அவர்களுக்கு மூன்று பிடிதான் தெரியும்.
மூன்றையும் வள்ளத்துக்கு ஆணி அறைவதுபோல் அறைந்தார்கள்.
இரண்டரை நிமிஷத்தில் ஒரு பாட்டு முடியும்,
முடிந்ததும் காதில் ஒரு வெறுங் கொட்டகை.
“மீன் மணக்குது” என்றார் பல்தசார்.
அவரிடம் அது பெரிய பாராட்டு.

பிறகு ஓர்கன்காரன் ஒருத்தன் வந்து சேர்ந்தான்,
பாட்டுகள் நீண்டன.
தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு,
எதிர்காற்றில் உவர்மலை ஏற்றத்துக்குச்
சைக்கிள் உருட்டுகிற நீளம்.
பெடியள் கெட்டுப்போயிட்டாங்கள் என்றான் சத்தியரூபன்.
இப்பதானே ஆலாபனைக்கு வந்திருக்கிறாங்கள் என்றேன் நான்.
நிசாம்தீன் நித்திரை.

பாடகன் கோபித்துக்கொண்டு போய்விட்ட சங்கதி
மாக்கப்பலில் வந்த ஒரு கசற்றோடு வந்தது.
பேஸ் வாசித்தவனே பாடத் தொடங்கியிருந்தான்.
கூச்சக் குரல். கதவுக்கு வெளியே நின்று பாடுகிற மாதிரி.
அந்த வருஷம் பல்தசார் குடும்பம் பேர்த்துக்குப் போனது.
தட்டுகளைக் கொண்டுபோனார்.
இருபத்தைந்து சதத்தை என் கையில் வைத்தார்.

தொண்ணூறில் கரண்ட் இல்லை, கடையில் பற்றரி இல்லை.
அவர்களுடைய கடைசிக் கசற்
பிரிக்காத கடதாசியோடு கிடந்தது.
சத்தியரூபன் சைக்கிளைக் கவிட்டு வைத்து
டைனமோவில் வயரைக் கொழுவிப்
பெடலைக் கையால் சுற்றினான்.

அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.
கனத்து, இறங்கி, அடிக்கும் அடிக்கும் இடையில்
ஒரு ஆள் நடந்து போகலாம் போல இடைவெளி விட்டு.
கூச்சக்காரன் கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடினான்.
வயது வந்துவிட்டது இவர்களுக்கு என்றேன்.
றேசன் காட்டின் பின்பக்கத்தில்
‘இதுதான் உச்சம்’ என்று எழுதியும் வைத்தேன்.
சத்தியரூபன் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் சந்தைக்குப் போனான்.

மழை தொடங்கியபின் ஒரு இரவு
நிசாம்தீன் பெடலைப் பிடித்தான்.
அதே பாட்டு.
குரல் ஏறி, மெலிந்து, விறுவிறுவென்று ஓடியது.
நிற்பாட்டு என்றேன்.
அவன் ஏற்கெனவே நிற்பாட்டியிருந்தான்.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து
போனுக்கு அனுப்பியிருக்கிறான், முழுவதையும்.
கடைசித் தட்டு, உண்மையில், ஆடுவதற்குச் செய்தது.
மெசின் றம்ஸ், பளபளப்பு, ஓட்டம்.
அது விலைபோகாமல்தான் அவர்கள் பிரிந்தார்களாம்.
ஓர்கன்காரன் மீன் பொரித்து விற்றானாம்.
அவர்கள் சரித்திரத்தில்
மெதுவான காலம் என்று ஒன்று இல்லவே இல்லை.

முக்கால் வேகத்தில் போட்டுப் பார்த்தேன்.
மெதுவாகிறது, சரி.
ஆனால் ஒரே சீராய் மெதுவாகிறது.
மூன்றாம் வரி முடிகிற இடத்தில்
அவன் வலக்கை ஓய்ந்து இடக்கைக்கு மாற்றுவான்.
அதில் குரல் ஒருதரம் முழங்கால் மடங்கி எழும்பும்.

அந்த இடம் வருகிறது.
பாடகன் நேரே நடந்து போகிறான்.